சிவந்த மாப்பிள்ளையும் கோபால்ட் மருந்தும்

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையின் மருந்தகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். “அக்கா, குட் நியூஸ்! சயனைடு மருந்தை இனிமே எமர்ஜென்சியிலயே வைக்கப் போறாங்க. நாங்க மாடியிலேருந்து தூக்கிட்டு ஓட வேணாம் லா!” என்றாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். அந்தப் படிகளில் ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்தது. நான் ஓடி முடித்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதானா இவர்களுக்கு இந்த ஞானம் பிறக்க வேண்டும்?

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மருந்தைப் பற்றி வந்து பேசுங்கள் என்று அவள் கேட்டாள். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், “பேச வேணாம், எழுதிக் குடுத்துடு. பிள்ளைங்க சாப்பிடப் போகணும்ல” என்றார். நாற்பது பேர் முன்னால் என் வாய் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எழுதுகிறேன்.

நான் பண்டமாரானில் பிறந்தவள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பினாங்கில் மருந்தியல் படித்தேன், ஈப்போவில் பயிற்சி பெற்றேன், பிறகு சொந்த ஊர்ப் பக்கமே கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தேன். படித்த கதை அவ்வளவுதான். மார்க்கைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

அங்கே என் மேலதிகாரி புவான் ரொகாயா. மலாயில் புவான் என்றால் மேடம். சின்ன உருவம். ஏர்கான் குளிருக்கு எப்போதும் ஒரு பச்சை நிறக் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்த மாட்டார். நாம் தப்பு செய்யப் போகிறோம் என்று தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாமே தப்பைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால், “பெலான்-பெலான்” என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

எங்கள் மருந்தகத்தின் மூலையில் விஷமுறிவு மருந்துகளுக்கென்று ஓர் அலமாரி. பாம்புக்கடி, பூச்சி மருந்து, காளான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. சயனைடுக்கு மேல் தட்டு. சயனைடு என்றதும் சினிமாவில் வில்லன் கடிக்கிற மாத்திரைதான் எல்லாருக்கும் நினைவு வரும். இங்கே அது முலாம் பூசுகிற தொழிற்சாலையில் இருக்கிறது, நகைப் பட்டறையில் இருக்கிறது, சரியாக வேக வைக்காத கசப்பு மரவள்ளிக் கிழங்கிலும் இருக்கிறது. மெத்தையும் சோபாவும் எரிகிற புகையில் நிறையவே இருக்கிறது. அது உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதை நான் பயிற்சி டாக்டர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: வாழை இலை போட்டு, சோறு குழம்பு எல்லாம் பரிமாறியாகிவிட்டது, ஆனால் சாப்பிட வந்தவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். ரத்தத்தில் பிராணவாயு இருக்கும். உடம்பின் செல்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் கோபால்ட் என்ற உலோகம். சயனைடுக்கு உலோகம் என்றால் கொள்ளை ஆசை. கோபால்ட்டைக் கண்டதும் செல்லை விட்டுவிட்டு அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நான் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது கோபால்ட் எடிடேட் என்ற பழைய மருந்து. நல்ல வேகம், பொல்லாத குணம். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை அது. உள்ளே சயனைடு இருந்தால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். சயனைடு இல்லாத ஆளுக்குக் கொடுத்துவிட்டாலோ கோபால்ட்டே விஷமாகிவிடும். முகம் வீங்கும், ரத்த அழுத்தம் சரியும். எனவே நிச்சயம் இல்லாமல் அந்த ஆம்பூலை உடைக்கக் கூடாது. அவசர சிகிச்சையில் நிச்சயத்துக்கு எங்கே போவது?

ஒரு காலை, கிள்ளான் நகைப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு பத்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வந்த பங்காளி வாசலிலேயே கத்தினார். “சயனைடு டாக்டர்! கிண்ணம் பக்கத்துலயே விழுந்து கிடந்தாரு! டீ கிளாஸும் அங்கதான் இருந்துச்சு!” பயிற்சி டாக்டர் வெலவெலத்துப் போய் எங்களைக் கூப்பிட்டார். நான் மருந்துத் தட்டோடு ஓடினேன். புவான் பின்னாலேயே நடந்து வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் மருந்துத் தட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அவர் குடித்ததை யார் பார்த்தது?” என்று பங்காளியிடம் மலாயில் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. “மூச்சு?” என்று டாக்டரைக் கேட்டார். மூச்சு சீராகத்தான் இருந்தது. “ரத்த அழுத்தம்?” கொஞ்சம் குறைவு. “விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்களா?” டாக்டர் பார்க்கவில்லை. பார்த்தால் தரைமட்டம். குளுக்கோஸ் ஏற்றியதும் பத்தர் கண்ணைத் திறந்து, “முருகா” என்றார்.

மனிதர் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு விரதம் இருந்திருக்கிறார். ஒரு வேளைதான் சாப்பாடு. அன்றைக்கு அதையும் தவிர்த்துவிட்டு உலையின் முன்னால் குனிந்தபடி வேலை செய்திருக்கிறார். டீ கிளாஸ் பங்காளியுடையது! நிலைமை தெரிந்ததும் பத்தருக்கு வந்த முதல் கவலை வேறு. கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்து, “மிஸ்ஸி, இது சக்கரைத் தண்ணியா? அப்ப என் விரதம் முறிஞ்சிடுச்சா?” என்று என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே எங்கள் ஊரில் மிஸ்ஸிதான். நான் மொழிபெயர்த்தேன். புவான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அது என் டிபார்ட்மென்ட் இல்லை. கோயிலில் கேட்கச் சொல்” என்றார். அவசரப்பட்டு அந்த ஆம்பூலை உடைத்திருந்தால் பட்டினி கிடந்த மனிதருக்கு நாங்களே விஷம் கொடுத்திருப்போம். பத்தர் அந்த வருடம் காவடி எடுத்தாரா என்று தெரியாது. எடுத்திருப்பார். அந்த முகத்தில் அப்படி ஒரு பிடிவாதம்.

பல வருடம் கழித்துத்தான் புதிய மருந்து வந்தது. ஹைட்ராக்ஸோகோபாலமின் என்று வாயில் நுழையாத பெயர். இதிலும் கோபால்ட்தான், ஆனால் நல்ல வீட்டில் வளர்ந்த கோபால்ட். இது வைட்டமின் பி-12க்கு ஒன்றுவிட்ட அண்ணன். உடம்புக்குள் போய்ச் சயனைடைப் பிடித்ததும் இரண்டும் சேர்ந்து அசல் பி-12 ஆகிவிடும். ஆளைக் கொல்ல வந்த விஷம் சத்து மருந்தாகி, சிறுநீரில் இறங்கிப் போய்விடும். முதல் முறை இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரியைப் பிடித்து மருமகனாக்கிக்கொள்வது மாதிரி! சயனைடு இல்லாத ஆளுக்கே கொடுத்துவிட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. ஆள் சிவப்பார், அவ்வளவுதான். மருந்து ரத்தச் சிவப்பு. தோலும் சிறுநீரும் அதே நிறத்துக்கு வந்துவிடும்.

புவான் உடனே ஒரு பயிற்சி வைத்தார். இந்த மருந்து பாட்டிலில் தூளாக இருக்கும். உப்பு நீரை ஊற்றிக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரை கட்டும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்துத் தூங்க வைப்பது போல் ஆட்ட வேண்டும். எங்களுக்கோ காலமெல்லாம் பிள்ளைகளின் ஆன்டிபயாடிக் பாட்டிலை ஓங்கிக் குலுக்கிய கை. அது சும்மா இருக்குமா? புவான் காலி பாட்டிலில் ரோஜா சிரப்பும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் ஊற்றி எங்கள் கையில் கொடுத்தார். யாருக்கு நுரை வருகிறதோ அவர் எல்லாருக்கும் உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்க வேண்டும். அந்த வாரம் எங்கள் மருந்தகம் முழுக்கக் கறிபாப் வாசனை. “இது நுரை பொங்க ஆற்றுகிற தே தாரிக் இல்லை” என்று புவான் சொல்லிக்கொண்டே நடப்பார். இன்னொரு சட்டமும் வைத்தார்: முதலில் ரத்தம், பிறகு மருந்து. மருந்து ஏறிவிட்டால் ரத்தமே வேறு சிவப்பாகிவிடும், பரிசோதனைக்கூடத்து இயந்திரங்கள் குழம்பிப் போகும். அதனால் தேவையான ரத்தத்தை முன்னாடியே எடுத்து வைக்க வேண்டும்.

இனி குமரனைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்த கூலி அவன்.

தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு சோபா பட்டறை. குமரன் அங்கே பஞ்சு வெட்டுகிற வேலையில் இருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையில் தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், அவனும்தான். வந்தவன் திரும்பி உள்ளே ஓடினான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அச்சகத்திலிருந்து வாங்கிய பத்திரிகைகள் உள்ளே அவன் பையில் இருந்தன. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த முதல் பத்திரிகையும் அதற்குள்தான். கல்யாணப் பத்திரிகை எரிந்தால் அபசகுனம் என்று பயந்திருக்கிறான். மூளை இருக்கிறதா உனக்கு என்று பிறகு ஒருநாள் நன்றாகத் திட்டினேன். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி ஓடாமல் நிற்பார்கள் என்றும் யோசித்துப் பார்க்கிறேன்.

கூட வேலை செய்தவர்கள் அவனை இழுத்து வந்தபோது நினைவில்லை. தீக்காயம் இல்லை. மூக்கிலும் வாயிலும் கரி. டாக்டர் ஆங், எமர்ஜென்சியின் பொறுப்பு டாக்டர், மருந்தகத்துக்குப் போன் செய்தார். “மூச்சுக்குழாய் போட்டுட்டேன். ஆக்சிஜன் முழுசாப் போகுது, ஆனா பிரஷர் விழுந்துட்டே இருக்கு. லாக்டேட் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. சயனைடுன்னு நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.” லாக்டேட் ஏறுவது செல்கள் மூச்சு முட்டுவதன் அடையாளம். சயனைடைக் காட்டும் பரிசோதனை வர நாளாகும். அதுவரை அவன் இருக்க மாட்டான். பழைய மருந்தாக இருந்தால் அங்கே நின்று கையைப் பிசைந்திருப்போம். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த புவான் போனை என்னிடமிருந்து வாங்கி, “போ” என்றார். போனில் டாக்டரிடம், “ரத்தம் எடுத்தாச்சா?” என்று கேட்டது படியில் இறங்கும்போது என் காதில் விழுந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில். கட்டிலருகில் நின்று உப்பு நீரை ஊற்றிக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். சுற்றி எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கை மட்டும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. குலுக்கு, சீக்கிரம் குலுக்கு என்று உள்ளே ஒரு குரல் அலறியது. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். நுரை வரவில்லை. மருந்து மாதுளைச் சாறு மாதிரி தெளிந்தது. மற்ற எந்த மருந்தோடும் கலக்காமல் அதற்கென்று தனி ஊசி வழியில் டாக்டர் ஆங் ஏற்றினார். கால் மணி நேரம் போக வேண்டிய மருந்து. பாதி இறங்கும் முன்பே திரையில் எண் ஏறத் தொடங்கியது. “ஏறுது” என்றார் டாக்டர் ஆங். “ஏறுது, ஏறுது” என்று நர்ஸ் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். நான் சுவரோரமாகப் போய் நின்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்தான் என்றுதான் நினைத்தோம். அன்று மதியம் வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். “அக்கா, சீக்கிரம் வாங்க. பேஷன்டோட அம்மா அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாங்க.”

அம்மா பெயர் பாக்கியம். பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறவர். இரண்டு நாளும் மகனைக் கட்டிலின் கால்மாட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கழுத்து வரை போர்வை, முகத்தில் கரியும் பிளாஸ்திரியும். வார்டில் நர்ஸ் துடைத்துவிட்ட பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் முதல் முறையாக முழு மகனைப் பார்த்தார். தலை முதல் கால் வரை சிவப்பு! நேரே வெளியே போய், எங்கிருந்தோ ஒரு பை நிறைய வேப்பிலையோடு திரும்பி வந்துவிட்டார்.

“ஆத்தா எறங்கியிருக்கா, மிஸ்ஸி. அம்மை போட்ட உடம்புல ஊசி குத்தக் கூடாது, மருந்து ஆகாது. வீட்டுல வேப்பிலை போட்டுப் படுக்க வைக்கணும். நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். டாக்டர்கள் மருந்தின் பக்க விளைவு என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்தே வேண்டாம் என்று அவர் இன்னும் உறுதியாகிவிட்டார். குமரன் பேச முடியாமல் தொண்டை கட்டி, அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டினான். அவன் நுரையீரல் புகையில் வெந்திருந்தது. ஆக்சிஜனை எடுத்துவிட்டு அவனை வண்டியில் ஏற்றினால் வீடு போய்ச் சேருவானா என்பதே சந்தேகம்.

நான் வைட்டமின் கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சத்து மருந்து குடிச்சு யாராவது செவந்து பார்த்திருக்கீங்களா? மூணு பிள்ளைங்களுக்கு அம்மை பார்த்தவ நான்” என்றார். என் பட்டமும் பதவியும் அங்கே செல்லாக்காசு. எனக்குக் கோபம் வந்து குரல் ஏறியது. பக்கத்தில் கண்ணாடி துடைக்கும் சத்தம் கேட்டது. புவான் எப்போது வந்தார் என்றே தெரியவில்லை.

“பெலான்-பெலான்” என்றார் என்னிடம். “அம்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேள். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.” கேட்டேன். “காய்ச்சல் வரும். அப்புறம் மாருலயும் முதுகுலயும் முத்து போடும்” என்றார் பாக்கியம். கேட்டதும் எனக்கே பொறி தட்டியது. “அக்கா, இவனுக்கு முத்து எங்க போட்டிருக்குன்னு பாருங்க” என்றேன்.

பாக்கியம் மகனின் சட்டையை விலக்கினார். மார்பில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அவனைத் திருப்பி முதுகில் தடவினார். காதுக்குப் பின்னால், கக்கத்தில், கால் விரல் இடுக்கில் என்று ஒரு இடம் விடவில்லை. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. “வழவழன்னு இருக்கே… முத்தே இல்லையே” என்றார் மெதுவாக. அடுத்த நொடி கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்துவிட்டார். “ஐயோ! ரத்தம்!”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வார்டு அலமாரியிலிருந்து சாதாரண பி-12 ஊசி மருந்து ஒன்றை எடுத்து வந்து அந்தப் பைக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரே சிவப்பு. அவர் குனிந்து பார்த்தார். “இது… கால் மரத்துப் போச்சுன்னு எங்கண்ணனுக்குக் கிளினிக்குல போடுவாங்களே, அந்த ஊசில்ல?” என்றார். “அதேதான்க்கா. புகையில இருந்த விஷத்தை இந்தச் சத்து மருந்தா மாத்தி வெளிய அனுப்பிட்டு இருக்கோம்.” அவர் பையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “இவ்வளவு சத்தையும் மூத்திரமா விட்டுட்டு இருக்கானா? வீணாப் போகுதே!”

குமரன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்தார். பாக்கியம் அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். கூட்டிப்போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. ஒரு கொத்து வேப்பிலையை மட்டும் கால்மாட்டில் செருகட்டுமா என்று கேட்டார். நர்ஸ் புவானைப் பார்த்தார். “செருகட்டும். யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்” என்றார் புவான்.

பத்திரிகையை மறுபடி அச்சடித்தார்கள், தேதியைத் தள்ளவில்லை. கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். புவானும் டாக்டர் ஆங்கும் நானும் போயிருந்தோம். மணமேடையில் குமரன் இன்னும் ரோஜா நிறத்தில் இருந்தான். பெண்ணைவிட மாப்பிள்ளைக்குத்தான் வெட்கம் அதிகம் என்று கூட்டத்தில் ஒரே கேலி. முகத்துக்குப் பவுடர் போட வந்த பெண் தோல்வியை ஒப்புக்கொண்டு போய்விட்டாளாம்.

பாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினார். “இந்த மிஸ்ஸிதான்! ஆத்தா செவப்பு மருந்து ரூபத்துல இவங்க கையில வந்து எம்பிள்ளையைக் காப்பாத்தினா” என்றார். இத்தனை விளக்கத்துக்குப் பிறகும் இதுவா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபால்ட், பி-12 என்று திருத்த வாயைத் திறந்தேன். என்ன சொல்கிறார் என்று புவான் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பியார் லா” என்றார். விட்டுவிடு. “டோஸ் சரியாத்தானே கொடுத்தோம்?”

கெட்டிமேளம் முழங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு அட்சதையைக் கையில் எடுத்தேன். குமரன் எழுந்து, பெண்ணின் கழுத்தை நோக்கித் தாலியோடு குனிந்தான். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் பாக்கியம் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தார்.